எடைப்பாலம்

ரெங்கம் ஆலையில்
பழம் ஏற்றி வரும் லாரிகளை நிறுக்கும் கிராணி நான்.
நிறைந்த லாரி ஒருமுறை ஏறும்,
கொட்டிவிட்டு வெறும் லாரி மறுமுறை ஏறும்.
கழித்தால் செம்பனை.
கணக்கு அவ்வளவுதான்.

"நீயும் ஒரு பாலத்தில்தான் வேலை பார்க்கிறாய்"
என்று தனபாலன் கிண்டலடிப்பான்,
"உன் பாலம் ஒருநாளும் மூடாது."

மூடவில்லை.
ஊரடங்கு பழத்துக்குத் தெரியவில்லை.
கடிதம் காட்டி, நெற்றியில் சூடு பார்த்து
லாரிகள் வந்தபடி இருந்தன.
மூடியது அவனுடையது.

அறிவிப்பு வந்த இரவு
இரண்டு சட்டை, ஒரு கைலி, சார்ஜர்.
"பதினாலே நாள். பலாவை வெட்டாதே,
நான் வந்து வெட்டுகிறேன்."
ஜொகூர் பாருவில், சுங்கச் சாவடிக்குப் பின்னால்
ஒரு தகரக் கொட்டகையில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு
கடைசி பஸ்ஸில் அக்கரை போனான்.

பலா வெடித்து விழுந்து
அடுத்த காய்ப்பும் முடிந்துவிட்டது.

அதன்பிறகு எல்லாம்
திறக்கலாம்.
பெருநாளுக்குள் திறக்கலாம்.
இரண்டு ஊசியும் போட்டவர்களுக்குத் திறக்கலாம்.
வானத்தில் வருவோருக்கு முதலில்,
தரையில் வருவோருக்குப் பிறகு திறக்கலாம்.
அந்தப் பக்கம் சொன்னது மாலைச் செய்தியில்,
இந்தப் பக்கம் மறுத்தது இரவுச் செய்தியில்.

லாரி வராத ஒரு மதியம்
அந்தச் சொல்லை மனசுக்குள் நிறுத்துப் பார்த்தேன்.
"திற" நல்ல கனம், இரும்புக் கதவு.
"லாம்" வந்து ஏறியதும்
எண்கள் சரிந்து சுழியத்தில் நிற்கின்றன.

வர வழியே இல்லை என்பதில்லை.
இங்கே பதினாலு நாள் அறைக்குள்,
திரும்பினால் அங்கே பதினாலு,
மூக்கில் குச்சி நான்கு முறை,
கழித்தால் வீட்டில் மூன்று நாள்.
மூன்று நாளுக்கு இரண்டு மாதச் சம்பளம்.
வேண்டாம் என்று சொன்னது நான்தான்.
அதை அவன் இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன்.
உடனே "சரி" என்று அவன் சொன்னதை
நான்.

இப்போதெல்லாம் போனில் மழையைத்தான் பேசுகிறோம்.
இங்கே பெய்தால்
கொஞ்ச நேரத்தில் அங்கே பெய்கிறது.
அதற்கு யாரும் முத்திரை குத்துவதில்லை.

போன மாதம் மாவட்டம் தாண்ட விட்டார்கள்.
ஆலை வேன், ஒரு பலகை, கயிறு,
தூக்கி ஏற்ற நவனீஷ்.
எடைப்பாலத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும்.
பழக்கதோஷம், எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

கொட்டகைக்குள் வரிசை வரிசையாக வண்டிகள்,
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.
அவன் தலைக்கவசத்தில் குளவி மண்வீடு கட்டியிருந்தது.
பக்கக் கண்ணாடியைத் துடைத்தேன்:
ஒரு துண்டுக் கடல்,
அதற்குப் பின்னால் அவன் இருக்கும் கட்டடங்கள்.
வண்டி உதைக்கு உயிர் தரவில்லை.

பாக்சிக் ரொஸ்லான் நோட்டைப் புரட்டினார்.
"எடுத்துப் போகிறாயா, இன்னொரு மாதமா?"
"எப்போது திறக்கும் பாக்சிக்?"
முகக்கவசத்துக்குள் சிரித்தார்.
"பாலத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்,
எனக்குத்தான் கடைசியில் தெரியும்."

நவனீஷ் பலகையைச் சாய்த்துவிட்டான்.
கயிற்றில் முடிச்சுப் போட்டாயிற்று.
திறப்பது நள்ளிரவாக இருந்தால்
அந்நேரத்துக்கு அவன் எதில் வீடு வருவான்?

"பதினைந்து நாளுக்கு மட்டும்" என்றேன்.
அரை மாதம் என்று நோட்டில் கட்டமே இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.
நவனீஷ் ஒன்றும் கேட்கவில்லை,
முடிச்சை மட்டும்
நெடுநேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

இருட்டிய பிறகு ஆலைக்குள் நுழைந்தோம்.
வெறும் வேன் எடைப்பாலத்தில் ஏறியது.
சிவப்பு எண்கள் நடுங்கி, நின்றன.
காலையைவிடப் பத்துக் கிலோ குறைவு.

"டீசல், அக்கா"
என்றான் நவனீஷ்.